கிளெய்ம் பிரிவில் 6 வருடம் இருந்தேன், சேரும் முன் இதைப் படியுங்கள்

தனியார் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில் சேர நினைப்பவர்கள் எல்லோரும் சம்பளம், ஷிப்ட் பற்றித்தான் கேட்கிறார்கள். அதைச் சமாளித்துவிடலாம். என்னால் முடியாமல் போனது வேறு.

கணவரை எலும்பு முறிவுக்கு அட்மிட் செய்துவிட்டு, கேஷ்லெஸ் அப்ரூவல் (ஆஸ்பத்திரிக்கு நாங்களே நேராகப் பணம் கட்டுவதற்கான அனுமதி) என்ன ஆச்சு என்று ஒரு அம்மா நாலாவது தடவையாகக் கூப்பிட்டார். அட்மிஷன் குறிப்பில் ‘8 வருடமாகச் சர்க்கரை நோய்’ என்று டியூட்டி டாக்டர் ஒரு வரி எழுதியிருந்தார். பாலிசி விண்ணப்பத்திலோ எல்லா நோய்க்கும் நேராக ‘இல்லை’ என்று டிக். “நாங்க சொன்னோம் சார், ஏஜென்ட்தான் இதெல்லாம் எழுத வேண்டாம்னார்” என்றார். நான் நம்பினேன். ஆனால் என் முன்னால் இருந்தது கையெழுத்துப் போட்ட காகிதம் மட்டும்தான். நோயை மறைத்ததாகச் சொல்லி எங்கள் நிறுவனத்தின் மருத்துவக் குழு மறுத்துவிட்டது, அதை அவரிடம் சொல்ல வேண்டியவன் நான். போனில் பின்னால் வார்டு சத்தம், ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் கேட்கிறது, என் திரை மூலையில் போன் பேசும் நேரம் சிவப்பாகிக்கொண்டே போகிறது.

மறுப்புக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், முறிவுக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள் என்று சொன்னேன். அது எங்களுக்குக் கொடுத்த ஸ்கிரிப்டில் இல்லை. போன் பதிவைக் கேட்டுவிட்டு மெமோ கொடுத்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் இடத்தில் தப்பாக அப்ரூவ் செய்தால் ஆடிட்டில் நம் பெயர் வரும். தப்பாக மறுத்தால், அவர்கள் மேல்முறையீடு செய்தால் ஒழிய யாரும் கேட்பதில்லை. அப்புறம் சந்தேகமான ஃபைல் வந்தால் கை தானாக எந்தப் பக்கம் போகும்? புதிதாகச் சேர்ந்த நல்ல பிள்ளைகள்கூட ஆறே மாதத்தில் ‘இன்னொரு க்யூரி போட்டு வை’ (மேலும் ஏதாவது விவரம் கேட்டு ஃபைலை நிறுத்தி வை) என்று பேசப் பழகிவிட்டார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

• • •

மேலே எழுதியவருக்கு: நீங்கள் சொல்லும் அந்த டிக்கைப் போடும் பக்கத்தில் இருந்தவன் நான். விற்பனைப் பிரிவு, 3 வருடம். நான் யாரையும் நோயை மறைக்கச் சொன்னதில்லை, ஆனால் மாதக் கடைசியில் டார்கெட் பாக்கி இருக்கும்போது காத்திருப்புக் காலத்தை, அதாவது பாலிசி எடுத்த பிறகும் சில நோய்களுக்கும் அறுவைகளுக்கும் பணம் கிடைக்காத ஆரம்ப காலத்தைப் பற்றி வேகமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். நிதானமாக விளக்கினால் ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று எழுந்துவிடுவார்கள். முதலில் வாங்க வைப்பது சொந்தக்காரர்களைத்தான். என் சித்தப்பா மூட்டு மாற்று அறுவைக்குப் போனபோது காத்திருப்புக் காலம் முடிய இன்னும் 4 மாதம் இருந்தது. கையில் இருந்த பணத்தைக் கட்டி ஆபரேஷன் செய்துகொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மாதமே நான் வேலையை விட்டேன். இப்போதும் விசேஷங்களில் பார்த்தால் நலம் விசாரிப்பார், பாலிசிப் பேச்சை மட்டும் எடுக்க மாட்டார்.