மறு: 'கோரஸ்' – தமிழில் என்ன? ('அமெரிக்கன் பை' பாட்டை முன்வைத்து)

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். மேலைநாட்டுப் பாட்டில் சரணங்களுக்கு இடையே திரும்பத் திரும்ப வரும் பகுதியான 'கோரஸு'க்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அதில் ஐயா ஒருவர் கேட்டது:

> கோரஸுக்குப் பல்லவி என்றே சொல்லிவிடலாமே. புதுச்சொல் எதற்கு?

ஐயா, நியாயமான கேள்வி. நானும் முதலில் 'பல்லவி' என்றுதான் எழுதினேன். அமெரிக்கப் பாடகர் டான் மெக்லீனின் 'அமெரிக்கன் பை' பற்றிய கட்டுரைக்காக அந்தப் பாட்டை நாலைந்து முறை உட்கார்ந்து கேட்ட பிறகுதான் அந்தச் சொல் ஒட்டவில்லை என்று தெரிந்தது.

பல்லவி பாட்டுக்கு வாசல். அதைப் பாடிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். இந்தப் பாட்டிலோ முதலில் வருவது ஒரு நீண்ட சரணம். 1959 பிப்ரவரி 3 அன்று அயோவாவில் விமானம் விழுந்து பட்டி ஹாலி, ரிச்சி வேலன்ஸ், ஜே. பி. ரிச்சர்ட்சன் என்ற ராக் இசைப் பாடகர்கள் மூவரும் இறந்தார்கள். வீடு வீடாகப் பேப்பர் போடும் பையனுக்கு அந்தச் செய்தி வந்து சேர்வதை அந்தச் சரணம் மெதுவாகச் சொல்கிறது. மெக்லீனுக்கு அப்போது 13 வயது, பேப்பர் போட்டுக்கொண்டிருந்த பையன் அவரேதான். அது முடிந்த பிறகே 'பை, பை' என்று விடைகொடுக்கும் கோரஸ் வருகிறது. அப்புறம் ஒவ்வொரு சரணம் முடியும்போதும் அதே மெட்டில், அதே சொற்களில் திரும்ப வருகிறது.

'கோரஸ்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று தோழி எழுதியிருந்தார். நம் சினிமா இசையில் கோரஸ் என்றால் பின்னால் சேர்ந்து பாடுகிற குழு. பாட்டின் உறுப்புக்கும் அதே பெயர் என்றால், இந்தப் பாட்டைப் பற்றி எழுதும்போதே இடறும். ஏனென்றால் இதன் கடைசிக் கோரஸை ஒரு கூட்டமே சேர்ந்து பாடுகிறது.

என் பரிந்துரை: மகுடம். நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற சொல். திருப்பாவையில் பாட்டுக்குப் பாட்டு வரும் 'ஏலோர் எம்பாவாய்', பாம்பாட்டிச் சித்தரின் 'ஆடு பாம்பே' எல்லாவற்றையும் மகுடம் என்றுதான் சொல்லிவருகிறோம். அது ஓர் அடிக்குள் முடிகிறதே, இங்கே நாலைந்து வரி வருகிறதே என்று கேட்கலாம். நீளம் வேறு, செய்கிற வேலை ஒன்றுதான். ஒருவர் பாட்டை நடத்திப்போக, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தங்கள் முறை வந்ததும் சேர்ந்துகொள்கிற இடம் அது.

இந்தப் பாட்டு இத்தனை காலம் நின்றதற்கும் அந்த இடம்தான் காரணம் என்று நினைக்கிறேன். 8 நிமிடம் 42 விநாடி ஓடுகிற பாட்டு. 1971இல் சிறு இசைத்தட்டில் ஒரு பக்கத்தில் அடங்காமல் இரண்டு பக்கமாகப் பிரித்தே வெளியிட்டார்கள். பாதியில் தட்டைத் திருப்பிப் போடவேண்டிய அந்தப் பாட்டு, 1972 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போய் நான்கு வாரம் அங்கேயே இருந்தது. முதலிடம் பிடித்த பாட்டுகளில் மிக நீளமானது என்ற பெயரை 2021இல்தான் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் பாட்டிடம் விட்டுக்கொடுத்தது. சரணங்களில் வரும் ராஜாவும் விதூஷகனும் யார் யார் என்று இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் மகுடத்தைப் பாட அந்த விளக்கம் எதுவும் வேண்டியதில்லை.

ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் இதைக் கிதாரோடு பாடும்போது கவனித்தேன். சரணம் ஓடும்போது எல்லோர் கண்ணும் கைபேசியில், வரிகளைத் தேடிக்கொண்டு. மகுடம் வந்ததும் கைபேசிகள் மடிக்குப் போய்விட்டன. பை, டிரை, ரை, டை என்று எல்லா வரியும் 'ஐ' ஓசையில் முடிகிறது, நம் யாப்பில் சொன்னால் இயைபு. வரி தெரியாத பையன்கூட கடைசி அசையில் வந்து சேர்ந்துகொண்டான்.

2023 ஏப்ரலில் வெள்ளை மாளிகை விருந்தில் அப்போதைய தென்கொரிய அதிபர் யூன் சுக் யோல் பாடியது மகுடத்தை அல்ல, தொடக்க வரிகளைத்தானே என்று ஐயா கேட்டிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் அவர் ஒலிவாங்கியைப் பிடித்துத் தனியாகப் பாடினார். நான் சொல்வது கூட்டம் பாடுவதைப் பற்றி.

ஆக, பாட்டின் உறுப்புக்கு மகுடம், ஒற்றை வரியாகத் திரும்புவதற்கு மகுட வரி, சேர்ந்து பாடுவோருக்குப் பின்பாட்டுக் குழு. வில்லுப்பாட்டிலும் கூத்திலும் பின்பாட்டு என்ற சொல் இன்றும் புழங்குகிறது. மகுடத்துக்குச் சற்று முன்னால் மெட்டு ஏறுகிற பகுதிக்கு 'மகுட ஏற்றம்' என்று யோசித்தேன், எனக்கே நிறைவில்லை. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.