வேலூர் போர்வெல் தண்ணீரில் சிவப்புச் சாயம் போடலாமா?

மழைத்தொட்டி:
வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் பருத்தியில் இயற்கைச் சாயம் போடுகிறவர்கள் போர் தண்ணீரை அடியோடு விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், தீர்ந்தால் ஆர்.ஓ. தண்ணீர். 'திட்டுத் திட்டாக வருகிறது', 'ஆவாரம்பூ மஞ்சள் பாசி நிறமாகிவிட்டது' என்று இங்கே வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீர்தான் காரணம்.

கணக்கோடு சொல்கிறேன். 1 கிலோ காடாத் துணியை வேகவைத்துச் சுத்தம் செய்ய 25 லிட்டர் தண்ணீர், 40 கிராம் சோடா ஆஷ், ஒன்றரை மணி நேரக் கொதி. தண்ணீரின் கடினத்தன்மை (கரைந்த கால்சியம், மக்னீசியத்தின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றால், 25 லிட்டரில் கால்சியம் கார்பனேட் கணக்கில் 12.5 கிராம் இருக்கிறது. அதற்கே 13 கிராம் சோடா செலவாகிவிடும். போட்டதில் மூன்றில் ஒரு பங்கு துணி அழுக்கைத் தொடவே இல்லை. அதோடு, பிரிந்த சுண்ணம் வெள்ளைப் பொடியாக நூலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஈரத் துணியில் கண்ணுக்குத் தெரியாது. சாயம் ஏற்றிய பிறகுதான் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

அடுத்தது, சாயம் துணியைப் பிடித்து நிற்பதற்காகப் போடும் படிகாரம். போர் தண்ணீரில் கரைத்தால் கலங்குகிறதே, அது அலுமினியம் ஹைட்ராக்சைடு. துணியில் ஏற வேண்டிய சத்து பாத்திரத்தின் அடியில் படிகிறது. மூன்றாவது இரும்பு. கடுக்காயிலோ மாதுளைத் தோலிலோ ஊறிய துணியில் கொஞ்சம் இரும்பு பட்டாலே போதும், சாம்பல் தட்டிவிடும்.

காடாநூல்:
வேகவைக்கிறதுக்கு நீங்க சொன்னதை ஒத்துக்கறேன். படிகாரக் கணக்கு மட்டும் சரியில்லைங்க. பருத்திக்குப் படிகாரம் கட்டும்போது நாமே சோடா சேர்க்கிறோம். 1 கிலோ துணிக்கு 200 கிராம் படிகாரம், 25 கிராம் சோடா ஆஷ், 20 லிட்டர் தண்ணி. சோடாவைத் தனியா கரைச்சு, நுரை அடங்க அடங்கக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும். படிகாரத்தோட புளிப்பைக் குறைச்சு, அலுமினியம் நூல்ல எளிதா ஒட்டறதுக்காகத்தான் இந்த வேலையே. போர் தண்ணியில இருக்கிற பைகார்பனேட்டும் இதே வேலையைத்தான் செய்யுது. காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் இருக்கிற தண்ணி 20 லிட்டர்னா, அது சுமார் 6 கிராம் சோடா போட்டதுக்குச் சமம். சோடாவை 25லிருந்து 19 ஆக்கிட்டா முடிஞ்சுது. இதுக்காக மழைத் தண்ணியை வீணாக்க வேண்டாம்.

முக்கியமான விஷயம் சிவப்பு. மஞ்சிட்டி ஆகட்டும், சாயவேர் (நம்ம இம்பூறல் வேர்தான்) ஆகட்டும், அலுமினியம் மட்டும் இருந்தா செங்கல் நிறத்துல நின்னுடும். சாயவேர்ல இருக்கிற அலிசரின்ங்கிற சிவப்புச் சத்து அலுமினியத்தையும் கால்சியத்தையும் சேர்த்துப் பிடிச்சாத்தான் ரத்தச் சிவப்பு வரும், கெட்டியாவும் நிக்கும். இந்த இம்பூறலே சுண்ணாம்பு கலந்த மண்ணுல நல்லா வேர் விடுற செடி. ஆர்.ஓ. தண்ணியில மஞ்சிட்டி போட்டுட்டு 'ஆரஞ்சா வருது, துவைச்சா போகுது'ன்னு சொல்றவங்களுக்கு இல்லாம போனது கால்சியம்தான்.

மழைத்தொட்டி:
படிகாரக் கணக்கு சரிதான், அதை விட்டுவிடுகிறேன். சிவப்புக்குக் கால்சியம் தேவை என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அளவு தெரியாத கால்சியம் எதற்கு? மழைத் தண்ணீரில் 1 கிலோ துணிக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் தூளை நிறுத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே சிவப்பு. போர் தண்ணீர் ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு மாதிரி, சித்திரையில் வேறு மாதிரி. கடினத்தன்மை 400 என்றால் 20 லிட்டரில் உங்களுக்குக் கிடைப்பது 8 கிராம்தான், அதிலும் ஒரு பங்கு மக்னீசியம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பலர் டி.டி.எஸ். மீட்டரை நனைத்துப் பார்த்துவிட்டு '1,500 காட்டுகிறது, கால்சியம் நிறைய இருக்கு' என்கிறார்கள். அந்த மீட்டர் கரைந்த உப்பு மொத்தத்தையும் காட்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வரிசையில் தோல் பதனிடும் உப்பு நிலத்தடிக்குப் போயிருக்கும் இடங்களில் அந்த 1,500இல் பெரும்பகுதி சோடியம் குளோரைடாக இருக்கலாம். அது சிவப்புக்கு ஒரு உதவியும் செய்யாது. மீன் தொட்டிக் கடையில் சொட்டு விட்டுப் பார்க்கும் கடினத்தன்மை கிட் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

கரும்பலகை:
கால்சியம் கார்பனேட்டுக்குப் பள்ளிக்கூடச் சாக்பீஸை இடித்துப் போடலாமா? வீட்டில் நீர்த்த சுண்ணாம்பும் இருக்கிறது.

காடாநூல்:
ரெண்டும் வேணாம். இப்போ விக்கிற சாக்பீஸ் பலதும் ஜிப்சம். கால்சியம் கிடைக்கும், ஆனா துணியில தங்கின படிகாரப் புளிப்பை அது எடுக்காது. நீர்த்த சுண்ணாம்பு போட்டா காரம் ஏறி, சிவப்பு ஊதாப் பக்கம் ஓடிடும்.

மழைத்தொட்டி, அளவு தெரியணும்ங்கிறதுல உங்களோட எனக்குச் சண்டை இல்லை. ஆனா கடினத்தன்மையை மாசம் ஒரு தரம் சொட்டு விட்டுப் பார்த்து, குறையுறதை மட்டும் தூளாச் சேர்த்தாலும் அளவு அளவுதானே? 1 கிலோ துணிக்கு வேகவைக்க, கடுக்காய்க்கு, படிகாரத்துக்கு, சாயத்துக்கு, அலசன்னு 120 லிட்டருக்குக் குறையாது. நூல் கழி கழியா சாயம் ஏத்துற பட்டறைக்கு அவ்வளவு மழைத் தண்ணி எங்கே இருக்கு?

துணியில பேனாவால எழுதிச் சாயம் ஏத்துற காளத்திக் கலம்காரியைப் பாருங்க. 1911ல சித்தூர் மாவட்டம் பிரியுற வரைக்கும் அந்த ஊரும் நம்ம வட ஆற்காடுதான். கடுக்காயை எருமைப்பால்ல கலந்துதான் துணியை முக்குறாங்க. பால்லயும் கால்சியம் இருக்கு.

மழைத்தொட்டி:
பாலைக் கால்சியத்துக்காகச் சேர்க்கிறார்கள் என்று சொல்ல முடியாது. கலம் என்ற மூங்கில் பேனாவால் எழுதும் படிகாரம் துணியில் பரவாமல் பாலின் கொழுப்பு பிடித்து நிறுத்துகிறது, அதற்காகத்தான் பால். முழுத் துணியையும் சாயத்தில் முக்குகிறவர்கள் பால் சேர்த்தால் வாடைதான் மிச்சம்.

பட்டுநூல்:
ஆரணிப் பக்கத்துப் பட்டுக்காரர்களுக்காக ஒரு வரி. பசை எடுக்கும்போது சோப்பு போடுகிறோம், அங்கே மட்டும் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். சோப்பும் கால்சியமும் சேர்ந்து பிசுபிசுப்பான படலமாக இழையில் ஒட்டிக்கொள்ளும், பிறகு எந்தச் சாயமும் சமமாக ஏறாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற வீடுகளில் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

அவுரித் தொட்டியில் நீலச் சாயம் போடுகிறவர்களுக்கு இந்த வழக்கே இல்லை. வெல்லத்தோடு சுண்ணாம்பைத்தான் அள்ளிப் போடுகிறோம்.

காடாநூல்:
இரும்பு இருக்கான்னு பார்க்கிற வழியை எழுதிடறேன், ஏன்னா இந்தப் பேச்சுல நிஜமா பயப்பட வேண்டியது அதுக்குத்தான். 10 கிராம் கடுக்காய்த் தூளை 100 மில்லி வெந்நீர்ல அரை மணி ஊறவிட்டு வடிகட்டுங்க. (கொட்டை நீக்கின தூளா இருக்கணும். ஜவ்வாது மலைக் கடுக்காய் முழுசா கிடைச்சா நீங்களே இடிச்சுக்கோங்க.) ரெண்டு கண்ணாடி டம்ளர். ஒண்ணுல 200 மில்லி போர் தண்ணி, இன்னொண்ணுல பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர். ரெண்டுலயும் ஒவ்வொரு டீஸ்பூன் சாறு விடுங்க. பின்னால வெள்ளைத் தாளை வெச்சுட்டுப் பத்து நிமிஷம் கழிச்சுப் பாருங்க. போர் தண்ணி நீலம் கலந்த சாம்பலா இருண்டா இரும்பு. பழுப்பு மஞ்சளா அடர்ந்தா அது காரத்தன்மை, பயம் இல்லை.

இரும்பு இருந்தா, தண்ணியை உயரத்துல இருந்து அகலமான தொட்டிக்குள்ள விழவிட்டுக் காத்து பட வைங்க. ராத்திரி அசையாம இருந்தா துருவா அடியில இறங்கிடும். மேல் தண்ணியை டியூப் வெச்சு உறிஞ்சி எடுங்க. வாளியைக் கவிழ்த்தா மறுபடி கலங்கிடும்.

கரும்பலகை:
சாம்பலா பழுப்பா என்று குழம்பினால், எலுமிச்சை பிழிந்து பார்க்கலாமா? கறுப்பு மறைந்தால் இரும்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

மழைத்தொட்டி:
கூடாது. எலுமிச்சைப் புளிப்பு இரும்பையும் பிடித்துக்கொள்ளும். காரப் பழுப்பும் வெளுக்கும், இரும்புக் கறுப்பும் வெளுக்கும். இரும்பே இல்லை என்று நம்பிப் பத்து மீட்டரைக் கெடுத்துவிடுவீர்கள். காடாநூல் சொன்னபடி நிறத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுங்கள்.

அவர் விட்ட ஒரு படியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திட்டு விழுவதற்குத் தண்ணீருக்கு நிகரான காரணம், படிகாரத் துணியைச் சரியாக நிலைநிறுத்தாமல் நேரே சாயத்தில் போடுவது. படிகாரத்தில் ஓர் இரவு ஊறிய துணியை நிழலில் முழுக்க உலர்த்துங்கள். ஈரமாகக் குவித்து வைத்தால் மடிப்பில் படிகாரம் சேரும். பிறகு 20 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலக்கி (பழைய முறையில் சாணித் தண்ணீர்) பத்து நிமிடம் அலையவிட்டு அலசுங்கள். ஒட்டாத படிகாரம் இங்கேயே வெளியேறிவிடும். இல்லையென்றால் அது சாயத் தொட்டிக்குள் கழன்று, சாயத்தைத் தண்ணீரிலேயே திரித்துவிடும். துணி வெளிறிப்போகும், தொட்டி மட்டும் செக்கச் சிவந்திருக்கும்.

பாலாற்றுக்கரை:
படிகாரத் தண்ணீரை எங்கே கொட்டுகிறீர்கள் என்று யாருமே எழுதவில்லையே? 'இயற்கைதானே' என்று வாய்க்காலில் விடுவதை ஏற்க முடியாது. இந்தப் பாலாற்றுக்காகத்தான் 1996இல் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளின் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நம் அளவு சிறியது என்பது சாக்கு ஆகாது.

காடாநூல்:
நியாயம். ஒரு படிகாரத் தண்ணியைக் கொட்டாம, முதல்ல போட்டதுல பாதி அளவு படிகாரம் சேர்த்து அடுத்த துணிக்கு வெச்சுக்கலாம். கடைசியா விடும்போது சுண்ணாம்பைக் கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. வெள்ளையாத் திரியும். மறுநாள் துணியில வடிகட்டி, சேறைக் காயவெச்சுத் தனியா குப்பையில போடுங்க.

கரும்பலகை:
கடைசியாக ஒன்று. மஞ்சிட்டிக்குச் சூடு எவ்வளவு? கொதித்தால் பழுப்பாகிறது.

காடாநூல்:
துணி எடைக்குச் சமமா மஞ்சிட்டித் தூள். ராத்திரி ஊறவெச்சு, ஒரு மணி நேரத்துல மெதுவா 70 டிகிரிக்குக் கொண்டு போங்க, அதுலயே இன்னொரு மணி நேரம். அதுக்கு மேல போனாப் பழுப்பு இறங்கும். தண்ணி, இரும்பு எடுத்த போர் தண்ணி.

மழைத்தொட்டி:
நான் மழைத் தண்ணீரும் நிறுத்த தூளும் என்றே சொல்வேன். ஒரே துணியில் இரண்டு துண்டு வெட்டி இரண்டு விதமாகவும் போடுங்கள், ஓரத்தில் கடினத்தன்மை எண்ணையும் தேதியையும் பென்சிலால் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்துக் காதி சோப்பில் 60 டிகிரியில் பத்து நிமிடம் அலசிய பிறகு ஒப்பிடுங்கள், சாயத் தொட்டியிலிருந்து எடுத்த ஈரத்தில் அல்ல. அந்தச் சோப்புத் தண்ணீர் மட்டும் மழைத் தண்ணீராக இருக்கட்டும்.

காடாநூல்:
சோப்புத் தண்ணிக்கு மழைத் தண்ணி, சரி. அலசினப்புறம் ஊதா தட்டினா, 10 லிட்டருக்கு ரெண்டு மூடி வினிகர் விட்ட தண்ணியில ஒரு முக்கு முக்கி எடுங்க, சிவப்பு திரும்பிடும்.