லோரோங் குலிட்டில் ஒரு பி. ராம்லி படம்

குழு: பினாங்கு ஈப்போ கேஎல் குடும்பம்
ஞாயிற்றுக்கிழமை

தம்பி, காலை 8:06
லோரோங் குலிட் சந்தையில் நிற்கிறேன். மலாய்ப் பட நடிகர், பாடகர் பி. ராம்லி வயலினோடு இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம். 1957-இல் பத்திரிகைக்காரர் எடுத்தது, அசல் பிரிண்ட் என்கிறார் கடைக்காரர். 600 வெள்ளி. இன்னொருவரும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாராம். வாங்கலாமா?

அம்மா, 8:09
600 வெள்ளியா! அவசரப்படாதே ஐயா.

நான், 8:10
மாமா எழுந்திருப்பார். அவரைக் கேட்காமல் காசை எடுக்காதே.

பட்டர்வொர்த் மாமா, 8:14
எழுந்துவிட்டேன். மாப்பிள்ளை, படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தை அனுப்பு. ராம்லி முகத்தை அப்புறம் பார்க்கலாம்.

தம்பி, 8:16
அனுப்பிவிட்டேன். ஊதா மையில் முத்திரை இருக்கிறது. பத்திரிகை பெயர் அழிந்துபோய்விட்டது. கீழே 'ஹாக் சிப்தா', அதாவது மலாயில் பதிப்புரிமை, என்று மட்டும் தெரிகிறது. முத்திரை இருந்தால் அசல்தானே மாமா?

பட்டர்வொர்த் மாமா, 8:21
முத்திரையை 20 வெள்ளிக்கு எந்தக் கடையிலும் செய்துகொள்ளலாம். தாளை அப்படிச் செய்ய முடியாது. முதலில் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார். பள்ளிக்கூட நோட்டுத்தாள் போல இருக்கிறதா, வழவழவென்று பிளாஸ்டிக் போல இருக்கிறதா?

தம்பி, 8:23
வழவழவென்று இருக்கிறது. படம் சுருளாமல் தட்டையாகவும் நிற்கிறது. நன்றாகப் பாதுகாத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பட்டர்வொர்த் மாமா, 8:31
அது ஆர்.சி. தாள். தாளின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு. கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இது 1970-களின் தொடக்கத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1957-இல் எந்தப் பத்திரிகையிலும் இந்தத் தாள் இருந்திருக்காது.

நான் 1975-இல் பத்திரிகையில் படம் கழுவும் இருட்டறை வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டு தாளும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். பிளாஸ்டிக் பூச்சு இல்லாத பழைய நார்த் தாளை, படம் கழுவும் ஹைப்போ ரசாயனம் போக, ஒரு மணி நேரம் ஓடும் தண்ணீரில் போட வேண்டும். அப்புறம் பளபளப்பு வர, சூடான கிளேசிங் தகட்டில் ஒட்டிக் காயவைக்க வேண்டும். ஆர்.சி. தாளுக்கு நாலு நிமிடம் தண்ணீர் போதும். அச்சுக்குப் போகிற நேரத்தில் ஆசிரியர் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார். எங்களுக்கு அந்தத் தாள் பெரிய வரம். ஆனால் என் கை நார்த் தாளைத்தான் மறக்கவில்லை. இருட்டில் தொட்டாலே எது எது என்று சொல்லிவிடுவேன்.

பட்டர்வொர்த் மாமா, 8:34
அந்த 'ஹாக் சிப்தா' எழுத்தைப் பெரிதாக்கிப் பார். 'சிப்தா' எந்த எழுத்தில் தொடங்குகிறது? சி மட்டுமா, சி-யும் எச்-சும் சேர்ந்தா?

தம்பி, 8:35
சி மட்டும்தான்.

பட்டர்வொர்த் மாமா, 8:38
மலாய் எழுத்துச் சீர்திருத்தம் 1972 ஆகஸ்டில் வந்தது. அதற்கு முன் நம் நாட்டில் சி, எச் சேர்த்துத்தான் எழுதுவார்கள். எனவே முத்திரையும் 1972-க்குப் பிந்தியது. முத்திரை மட்டும் பிந்தியிருந்தால் ஒரு சமாதானம் சொல்லலாம். பழைய படத்துக்குக் காப்பகத்தில் புது முத்திரை குத்துவது உண்டு. இங்கே தாளும் சேர்ந்து அதையே சொல்கிறது.

அக்கா, 8:40
மாமா, கேஎல்லிலிருந்து நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படத்தில் வலது மூலையில் குறுக்கே ஒரு மடிப்புத் தெரிகிறதே, அது பழசு என்பதற்கு அடையாளம் இல்லையா?

பட்டர்வொர்த் மாமா, 8:42
நல்ல கண் மா உனக்கு. மாப்பிள்ளை, அந்த மடிப்பின் மேல் நகத்தை ஓட்டிப் பார்.

தம்பி, 8:43
ஒன்றும் தட்டுப்படவில்லை. வழுக்கிக்கொண்டு போகிறது.

பட்டர்வொர்த் மாமா, 8:47
அப்படியானால் மடிப்பு இந்தத் தாளில் இல்லை. வேறொரு பிரிண்டில் மடிப்பு இருந்தது, அதைக் கேமராவில் திரும்பப் படம் எடுத்து இதைப் போட்டிருக்கிறார்கள். வயலின் வில்லும் விரல்களும் மங்கி, நிழல் எல்லாம் கறுப்பாய் அடைத்துப் போயிருப்பதும் அதனால்தான். ராம்லி 1973 மே மாதம் காலமானார். அதற்குப் பிறகு நினைவுக் கட்டுரைகளுக்காக இப்படி எத்தனையோ நகல்கள் போட்டார்கள், நானும் போட்டிருக்கிறேன். அது மோசடி இல்லை. அதை 1957 அசல் என்று விற்பதுதான் தவறு. ராம்லி பிறந்த பினாங்கில் நின்றுகொண்டு கடைக்காரர் இப்படிச் சொல்கிறாரே என்று மனது கஷ்டமாக இருக்கிறது.

அம்மா, 8:48
அப்போ வேண்டாம், வந்துவிடு. இட்லி ஆறுகிறது.

தம்பி, 8:52
இருங்கள் அம்மா. அதே கடையில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் படம் ஒன்று, 150 வெள்ளி. டிரம்பெட்டோடு. 1956 ஆப்பிரிக்கப் பயணம், அசல் என்று அட்டையில் எழுதியிருக்கிறார். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் அனுப்புகிறேன். இது சுருண்டுகொண்டே இருக்கிறது மாமா, தட்டையாக நிற்க மாட்டேன் என்கிறது.

பட்டர்வொர்த் மாமா, 8:58
ஆகா. இதைக் கீழே வைக்காதே.

ஓரமாகப் பிடி, முகப்பை விரலால் தொடாதே. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் கறுப்புப் பகுதிகளின் ஓரத்தில் நீலமாகக் கண்ணாடி போல மின்னுகிறதா?

தம்பி, 9:00
மின்னுகிறது! நேராகப் பார்த்தால் தெரியவில்லை, சாய்த்தால் தெரிகிறது.

பட்டர்வொர்த் மாமா, 9:09
படத்தில் இருக்கும் வெள்ளி உலோகம் பல ஆண்டுகளில் மெல்ல மேலே வந்து படிந்தது அது. நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரமே வரும், அதனால் அதை வைத்து வயது சொல்ல முடியாது. ஆனால் வீட்டுப் பிரிண்டரில் போட்டதில் அது வராது. டிரம்பெட்டைச் சுற்றி வெள்ளை பெயின்டில் கோடு போட்டிருக்கிறார்கள் பார். ஓரத்தில் சிவப்பு மெழுகுப் பென்சிலால் இவ்வளவு வெட்டிப் போடு என்று குறித்திருக்கிறார்கள். ஏதோ ஒரு பத்திரிகை மேசையில் வேலை செய்த படம் இது. அந்தப் பெயின்டை அழுக்கு என்று துடைத்துவிடாதே.

பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிப் பார். சீரான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சில் வந்த படம். குறுக்கே மெல்லிய கோடுகள் ஓடினால் வயர் வழியாக வந்தது. ஏபி செய்தி நிறுவனம் 1935-லிருந்தே தொலைபேசிக் கம்பி வழியாகப் படம் அனுப்பியது, அதில் விவரம் குறையும்.

தம்பி, 9:13
புள்ளியும் இல்லை, கோடும் இல்லை. கன்னத்தில் வியர்வைத் துளி கூடத் தெரிகிறது. பின்னால் பழுத்த தாளில் தட்டச்சு செய்த குறிப்பு ஒட்டியிருக்கிறது. முத்திரையில் யூபிஐ, 220 கிழக்கு 42-ஆம் தெரு, நியூயார்க் 17 என்று இருக்கிறது.

பட்டர்வொர்த் மாமா, 9:22
இதைக் கவனமாகப் படி.

ஆம்ஸ்ட்ராங் 1956 மே மாதம் கோல்ட் கோஸ்ட் போனது உண்மை, இன்றைய கானா. ஆனால் 1956-இல் யூபிஐ என்ற செய்தி நிறுவனமே கிடையாது. யுனைடெட் பிரஸ்ஸும் இன்டர்நேஷனல் நியூஸ் சர்வீஸும் சேர்ந்து 1958 மே மாதம்தான் யூபிஐ ஆனது. அடுத்து, நியூயார்க்குக்குப் பக்கத்தில் 17 என்ற இரட்டை இலக்கம் பழைய அஞ்சல் வட்டார எண். 1963 ஜூலையில் அமெரிக்காவில் ஐந்து இலக்க ஜிப் எண் வந்துவிட்டது. ஆக இந்த முத்திரையைச் செய்தது 1958-க்கும் 1963-க்கும் நடுவில். அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் அதையே குத்தியிருப்பார்கள், அதையும் மனதில் வைத்துக்கொள்.

நான், 9:25
அப்போ இது அசலா, இல்லையா மாமா?

பட்டர்வொர்த் மாமா, 9:33
எடுத்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்குள் அதே நெகட்டிவிலிருந்து போட்டதைச் சேகரிப்பாளர்கள் முதல் வகை என்பார்கள். அதே நெகட்டிவ், ஆனால் பிற்காலத்தில் போட்டது இரண்டாம் வகை. நகல் நெகட்டிவிலோ வயரிலோ அந்தக் காலத்திலேயே வந்தது மூன்றாம் வகை, நகலிலிருந்து பிற்காலத்தில் போட்டது நான்காம் வகை. ராம்லி படம் நான்காவது. ஆம்ஸ்ட்ராங் படம் இவ்வளவு தெளிவாக இருப்பதால் நெகட்டிவிலிருந்தே போட்டது என்பேன், 1956 பயணப் படம்தான் என்றால் இரண்டாவது. ஒட்டியிருக்கும் குறிப்பில் தேதி இருந்தால் படித்துச் சொல். வேறு ஆண்டு இருந்தால் கணக்கு மாறும்.

தம்பி, 9:36
தேதி இருந்த மூலை கிழிந்திருக்கிறது. இடம் ஆக்ரா என்று தெரிகிறது, அது கானாவின் தலைநகர்தானே?

பட்டர்வொர்த் மாமா, 9:38
ஆமாம், அக்ரா. ஆம்ஸ்ட்ராங் 1960-இலும் அங்கே போயிருக்கிறார், அதனால் நெகட்டிவ் 1956 என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பிரிண்ட் யூபிஐ காலம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 120-க்குக் கேள். ரசீதில் 1956 அசல் என்று எழுத விடாதே, '1958-க்குப் பிந்திய யூபிஐ பிரிண்ட்' என்று எழுதி வாங்கு. நாளைக்கு நீ விற்றாலும் அடுத்தவர் ஏமாறக் கூடாது.

அக்கா, 9:41
கள்ள நோட்டுப் பார்க்கும் நீல விளக்கு என்னிடம் இருக்கிறது. அதில் பழைய படம் ஒளிராது என்பார்களே?

பட்டர்வொர்த் மாமா, 9:49
சலவைத்தூளில் சட்டையை வெளுப்பாகக் காட்டும் சரக்கை 1950-களில் படத் தாளிலும் சேர்க்கத் தொடங்கினார்கள். அது அந்த விளக்கில் நீலமாக ஒளிரும். லூயிஸ் ஹைன் என்ற அமெரிக்கப் படக்காரர் 1940-இல் இறந்தார். அவர் கையாலேயே போட்டவை என்று விற்ற பிரிண்டுகள் ஒளிர்ந்ததால்தான் 1990-களின் இறுதியில் பெரிய விவகாரம் ஆனது. போருக்கு முந்திய படம் என்றால் அந்த விளக்கு கைகொடுக்கும். 1957 என்று சொல்லும் படத்துக்கு அதனால் தீர்ப்பு கிடைக்காது. ஒளிரவில்லை என்பதால் பழசு என்றும் ஆகாது, பிற்காலத் தாள்களிலும் அந்தச் சரக்கு சேராதவை உண்டு.

தம்பி, 9:58
130-க்கு முடிந்தது. ரசீது நீங்கள் சொன்னபடியே. ராம்லி படத்தை 40-க்குத் தருகிறேன் என்றார். விலையை மாற்றியதும் எனக்கு வாங்கத் தோன்றவில்லை.

ஈப்போ பெரியம்மா, 10:12
அண்ணே, இப்போதுதான் எல்லாம் படித்தேன். அப்பா மாட்டிவைத்த தைப்பூசப் படம், வெள்ளி ரதத்துக்கு முன்னால் நாயனக்காரர்கள் நிற்பது, இன்னும் என் கூடத்தில் இருக்கிறது. அதிலும் ஓரத்தில் நீலமாக மின்னுகிறது. ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. பிய்த்து எடுத்து லேமினேட் போடலாம் என்று இருந்தேன்.

பட்டர்வொர்த் மாமா, 10:14
தங்கச்சி, வேண்டாம்! பிய்த்தால் படத்தின் தோலே கண்ணாடியோடு போய்விடும். லேமினேட் போட்டால் திரும்ப எடுக்கவே முடியாது. சட்டத்தோடு அப்படியே இறக்கி, வெயில் படாத உள்சுவரில் சாய்த்து வை. ஈரத்துணியால் துடைக்காதே.

ஈப்போ பெரியம்மா, 10:16
பின்னால் அட்டையில் அப்பா ஏதோ பென்சிலில் எழுதியிருக்கிறார். எனக்குப் படிக்க முடியவில்லை.

பட்டர்வொர்த் மாமா, 10:17
அட்டையையும் கழற்றாதே. சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். கண்ணாடி வழியாகவே முதலில் படம் எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளை, நீயும் உன் கேமராவோடு வா. அந்தப் பூதக்கண்ணாடியையும் கடைக்காரரிடம் விலை கேட்டுப் பார்.

தம்பி, 10:19
கேட்டுவிட்டேன் மாமா, 15 வெள்ளி. வாங்கிக்கொண்டு வருகிறேன்.