கடலோர நிலநடுக்கமும் சுனாமியும்: நேரில் கண்டவர்களின் பகிர்வு

ஒரு புவித்தட்டு மற்றொன்றின் அடியில் அமிழும் கடற்கரைகளில் வாழ்ந்தவர்களும் பணி நிமித்தம் தங்கியவர்களும், தாங்கள் நேரில் கண்ட நிலநடுக்கத்தையோ சுனாமியையோ பற்றி இங்கே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். உயிரிழப்புக் கணக்குகளும் வரைபடங்களும் எங்கும் கிடைக்கின்றன. ஆனால் நிலம் எவ்வளவு நேரம் ஆடியது, அந்த ஆட்டம் எத்தகையது, அதற்குப் பின் கடல் வந்து சேர எவ்வளவு அவகாசம் கிடைத்தது என்பவற்றை அனுபவித்தவர்கள்தாம் சொல்ல முடியும். ஓடுவதா, காத்திருப்பதா என்று மற்றொரு கடற்கரையில் ஒருவர் முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் பயன்படப் போவது இந்த விவரங்கள்தாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செண்டாய், ஜப்பான், 2011

மார்ச் 11 அன்று செண்டாய் சமவெளியில், கடற்கரைக்கும் நகரத்துக்கும் இடையே வயல்கள் சூழ்ந்த பகுதியிலிருந்த ஒரு கிடங்கில் நான் வேலையில் இருந்தேன். பிற்பகல் 2:46 மணி கடந்ததும் எல்லோருடைய கைப்பேசிகளும் ஒருசேர எச்சரிக்கை ஒலி எழுப்பின. சில விநாடிகளில் தரை ஆடத் தொடங்கியது. ஜப்பானில் சிறிது காலம் தங்கியவர்களுக்கு நிலநடுக்கம் பழகிப்போயிருக்கும். ஆடும், அரை நிமிடத்தில் அடங்கும், விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வார்கள். அன்று அது அடங்கவில்லை. தணிகிறது என்று மூச்சுவிட்ட நேரத்தில் முன்னிலும் பலமாக மீண்டும் எழுந்தது. அடுக்குகளில் இருந்த பெட்டிகள் அனைத்தும் சரிந்து, இனிச் சரிவதற்கு ஒன்றும் இல்லை என்ற நிலையிலும் தரை ஆடிக்கொண்டே இருந்தது.

அந்த நீளம்தான் முதல் எச்சரிக்கை. நிலநடுக்கம் நெடுநேரம் நீடிக்கிறது என்றால், கடலுக்கடியில் பிளவு நெடுந்தொலைவு ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிளவு விநாடிக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர் வேகத்தில் பரவுவதால், நிமிடக் கணக்கில் நிலம் ஆடினால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டுகளின் எல்லை நழுவியிருக்க வேண்டும். அன்று ஜப்பான் அகழியை, அதாவது ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் அமிழத் தொடங்கும் இடத்திலுள்ள ஆழ்கடல் பள்ளத்தை, ஒட்டி ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளப் பகுதி நழுவியது. அகழியின் அருகே நழுவல் 50 மீட்டரை எட்டியது. எங்கள் மேற்பார்வையாளர் இந்தக் கணக்கு எதையும் போடவில்லை. ஆட்டம் முழுவதும் நிற்பதற்கு முன்பே, "இவ்வளவு நேரம் ஆடினால் கடல் வரும், உயரத்துக்குப் போங்கள்" என்று சொல்லி எல்லோரையும் வெளியேற்றினார்.

நிலநடுக்கம் தொடங்கி மூன்று நிமிடங்களில் சுனாமி எச்சரிக்கை வந்துவிட்டது. ஆனால் மியாகி மாவட்டத்துக்கு அதில் சொல்லப்பட்ட உயரம் 6 மீட்டர். முதல் சில நிமிடங்களில் கிடைத்த அதிர்வுப் பதிவுகள் நிலநடுக்கத்தின் அளவைக் குறைத்துக் காட்டியதே அதற்குக் காரணம். பின்னர் அது 10 மீட்டருக்கு மேல் என்று திருத்தப்பட்டது. மின்சாரம் போய், தொலைக்காட்சி அணைந்து, பனி விழத் தொடங்கியிருந்த அந்த நேரத்தில் திருத்தம் எத்தனை பேரைச் சென்றடைந்திருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது.

சமவெளியில் மலையோ குன்றோ இல்லை. நாங்கள் ஏறி நின்றது, வயல்களுக்கு நடுவே மண்மேட்டின் மீது கடற்கரைக்கு இணையாகச் செல்லும் கிழக்கு விரைவுச்சாலை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தண்ணீர் வந்தது. படங்களில் வரைவதுபோல் சுருண்டு எழும் அலை எதையும் நான் காணவில்லை. கருஞ்சேறு ஒன்று வயல்களின் மேல் அகன்று பரவி வந்தது. அதன் முன்விளிம்பில் தண்ணீரே தெரியவில்லை. வேரோடு பெயர்ந்த கடற்கரைப் பைன் மரங்கள், பசுமைக்குடில்களின் வளைந்த குழாய்கள், ஓட்டுக் கூரைகள், கார்கள் எல்லாம் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு உருண்டன. மரம் முறியும் ஓசைதான் முதலில் எட்டியது, நீரின் இரைச்சல் அதற்குப் பிறகு. சாலையின் மண்மேடு அந்தச் சேற்றில் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்தியது. சுனாமிக்கென்று எவரும் கட்டாத ஒரு சாலை எங்களைக் காப்பாற்றியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 869-ஆம் ஆண்டின் ஜோகன் சுனாமி இதே சமவெளியில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே கொண்டுவந்து போட்ட மணலை, வயல்களுக்கு அடியில் ஒரு தனி அடுக்காகப் புவியியலாளர்கள் 2011-க்குப் பல ஆண்டுகள் முன்பே கண்டறிந்திருந்தார்கள். மண் சொன்னதை ஊர் கேட்பதற்குள் காலம் முடிந்துவிட்டது.

போர்ட் பிளேர், அந்தமான், 2004

செண்டாயைப் பற்றி எழுதியவர் கடல் வந்ததைச் சொன்னார். வந்த கடல் திரும்பிப் போகாததைப் பற்றி நான் எழுதுகிறேன். டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி அளவில் போர்ட் பிளேரில் நாங்கள் குடியிருந்த வீடு ஆடியது. வாசற்படியைப் பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்தோம். அதற்குப் பின் கடல் அலையாக வராமல், யாரோ மதகைத் திறந்துவிட்டதுபோல் சாலைகளில் ஏறி வடிந்தது, மீண்டும் ஏறியது. அன்று மாலை வரை எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

நாட்கள் சென்றபோதுதான் வேறொன்று புலப்பட்டது. சுனாமி ஓய்ந்த பிறகும் ஒவ்வோர் ஓதத்திலும் கடல்நீர் முன்பு எட்டாத இடங்களுக்கு வந்துகொண்டிருந்தது. சிப்பிகாட் பகுதியின் நெல்வயல்கள் நிரந்தரமாக உப்புநீருக்குள் போயின. வரப்புகள் நீருக்கடியில் தெரிந்தன, தென்னைகள் நின்ற நிலையிலேயே பட்டுப்போயின. கடல் உயர்ந்துவிட்டது என்றே பலரும் பேசிக்கொண்டார்கள். உயர்ந்தது கடல் இல்லை. போர்ட் பிளேர்ப் பகுதியே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்திருந்தது. நிகோபாரின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் சென்றது. அதே நாளில் வட அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்து, பவளப்பாறைகள் வெளியே வந்து வெயிலில் வெளுத்தன.

ஒரே நிலநடுக்கத்தில் ஓரிடம் தாழ்வதும் ஓரிடம் உயர்வதும் எப்படி என்று அப்போது எனக்குப் பெரும் குழப்பமாக இருந்தது. அடியில் செல்லும் தட்டு, மேலிருக்கும் தட்டின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் கீழே இழுக்கிறது. அதனால் விளிம்பு தாழ, அதற்குப் பின்னாலுள்ள பகுதி மேல்நோக்கிப் புடைக்கிறது. பிடி விட்டதும் விளிம்பு மேலே துள்ளுகிறது, புடைத்திருந்த பகுதி அமர்கிறது. துள்ளிய விளிம்பின் மேலிருந்த கடல்நீர்தான் சுனாமியாகப் புறப்படுகிறது. அமர்ந்த பகுதியில் எங்கள் ஊர் இருந்தது, துள்ளிய பகுதியில் பவளப்பாறை இருந்தது. சுமத்ராவிலிருந்து வட அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டருக்கு இது நிகழ்ந்தது.

ஆட்டமே எச்சரிக்கை என்பது பிளவுக்கு அருகில் இருப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதே சுனாமி ஏறத்தாழ ஏழு மணி நேரம் பயணித்து, நிலம் அசைந்ததையே அறியாத சோமாலியாவின் கடற்கரையில் உயிர்களைப் பறித்தது. அத்தகைய கரைகளுக்குக் கருவிகளும் அறிவிப்பும் இல்லாமல் வழியில்லை. இந்தியாவின் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் செயல்படத் தொடங்கியது 2007-இல்தான்.

பங்கந்தரான், ஜாவா, 2006

மேலே உள்ள இரண்டையும் படிப்பவர்கள், பலமாக ஆடினால் மட்டும் ஓடினால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஜூலை 17 அன்று பிற்பகல் பங்கந்தரான் கடற்கரையில் இருந்தேன். எனக்கு உண்டானது லேசான தலைச்சுற்றல் போன்ற ஓர் அசைவு மட்டுமே. அருகில் இருந்தவர்கள் அதையும் உணரவில்லை. கடல் பின்வாங்கியபோதுதான் உள்ளூர் மீனவர் ஒருவர் கத்திக்கொண்டே ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். ஜாவாவின் தென்கரையில் அன்று 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்த நிலநடுக்கத்தின் அளவு 7.7. அகழிக்கு அருகே, மென்மையான படிவுகள் உள்ள ஆழங்குறைந்த பகுதியில் பிளவு மெதுவாக ஓடினால், கட்டடங்களை உலுக்கும் வேகமான அதிர்வுகள் குறைகின்றன. கடற்படுகை நகர்வதோ குறைவதில்லை. 1896-இல் ஜப்பானின் சன்ரிகு கடற்கரையில் ஏறத்தாழ 22,000 பேரைக் கொன்றதும் இத்தகைய மெல்லிய நடுக்கமே. ஆகவே பலத்தைக் காட்டிலும் நேரத்தைக் கவனியுங்கள் என்பேன். லேசான அசைவு ஒரு நிமிடத்துக்கு மேல் நீண்டாலும் கடற்கரையை விட்டு அகலுங்கள்.

பண்டா ஆச்சே, சுமத்ரா, 2012

ஏப்ரல் 11 அன்று அளவு 8.6 நிலநடுக்கம் வந்தபோது நான் ஆச்சேயில் இருந்தேன். 2004-ஐக் கண்ட ஊர் அது. ஆட்டம் நிற்பதற்குள் ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. ஆனால் எல்லோரும் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் ஏறியதால் சாலைகள் அடைத்துக்கொண்டன. அன்று பெரிய சுனாமி வந்திருந்தால் நெரிசலில் நின்ற பலர் தப்பியிருக்க மாட்டார்கள். நடந்தே எட்டக்கூடிய உயரமான இடத்தை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது எவ்வளவு முக்கியம் என்று அன்று கண்ணால் கண்டேன்.

பெரிய சுனாமி வராததற்குக் காரணம், அந்த நிலநடுக்கம் தட்டுகளின் எல்லையில் நிகழவில்லை என்பதே. அகழிக்கு மேற்கே, அமிழும் தட்டின் உள்ளேயே பாறைகள் பக்கவாட்டில் நழுவின. கடற்படுகை பெரிதாக மேலெழவில்லை. வீணாக ஓடினோம் என்று அன்றிரவு சிலர் சலித்துக்கொண்டார்கள். அதை நான் ஏற்கவில்லை. நழுவல் எந்தத் திசையில் நிகழ்ந்தது என்பதைக் கரையில் நிற்பவர் எவரும் அறிய முடியாது. ஆச்சேக்கு அருகிலுள்ள சிமெலூவே தீவில் 1907-ஆம் ஆண்டின் சுனாமியைத் தாத்தா பாட்டிகள் வழிவழியாகச் சொல்லிவந்ததால், 2004-இல் நிலம் ஆடியதும் மக்கள் குன்றுகளுக்கு ஏறினார்கள். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் ஒரு சிலரே. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்களும் வராத கடலுக்காகப் பலமுறை ஏறி இறங்கியிருக்கக்கூடும்.

இவாத்தே, ஜப்பான், 2025

உயரத்துக்குப் போன பிறகு எப்போது இறங்கலாம் என்பதைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. ஜூலை 30 அன்று காலை கம்சாத்கா அருகே அளவு 8.8 நிலநடுக்கம் ஏற்பட்டது. நாங்கள் தொலைவில் இருந்ததால் ஆட்டம் எதையும் உணரவில்லை, அறிவிப்பைக் கேட்டே மேட்டுக்குச் சென்றோம். முற்பகலில் வந்த முதல் அலைகள் சிறியவை. அதைக் கேள்விப்பட்டதும், வெயில் கடுமையாக இருந்ததால், வீட்டுக்குப் போகலாம் என்று சிலர் கிளம்பினார்கள். எங்கள் மாவட்டத்தின் குஜி துறைமுகத்தில் 1.3 மீட்டர் பதிவானது அதற்குப் பிறகு, பிற்பகலில். சுனாமி எச்சரிக்கை அறிவிப்புகள் முழுவதும் விலக்கப்பட்டது மறுநாள்.

சுனாமி ஓர் அலை இல்லை. கரைகளில் மோதித் திரும்பி, விரிகுடாக்களுக்குள் ஊசலாடி, மணிக்கணக்கில் வரும் அலைத்தொடர். 1964-இல் அலாஸ்கா நிலநடுக்கத்தின் சுனாமி கலிபோர்னியாவின் கிரசென்ட் நகரை அடைந்தபோது, முதல் அலைகள் வடிந்ததைப் பார்த்துச் சிலர் கடைகளைச் சுத்தம் செய்யத் திரும்பினார்கள். அங்கே மிகப் பெரியதாக வந்தது நான்காவது அலை. ஆகவே, அதிகாரப்பூர்வமாக விலக்கப்படும் வரை இறங்காதீர்கள். மேட்டுக்கு எடுத்துச் செல்லும் பையில் ஒரு நாளுக்கான குடிநீரும், அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகளும், வெயிலுக்கும் குளிருக்கும் போர்த்திக்கொள்ள ஏதேனும் ஒன்றும் இருக்கட்டும். தாகமும் வெயிலும்தான் அன்று எங்களில் பலரைக் கீழே இறங்கத் தூண்டின.