மாமா விட்டுப்போன பழைய மோட்டோகிராஸ் பைக்: இது எந்த மாடல்?

ஈசூன்காரன்
வணக்கம். போன வருடம் தவறிப்போன என் தாய்மாமாவின் பைக் சிங்கப்பூரில் சுங்கை காடுட்டில் ஒரு பட்டறையின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. 80களில் ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கினாராம். ஹோண்டா எல்சினோர் என்று மாமா பெருமையாகச் சொல்வார், அதற்கு மேல் அத்தைக்கும் ஒன்றும் தெரியவில்லை. டேங்கில் ஆரஞ்சு பெயிண்ட், பிரஷ்ஷால் அடித்த கோடு கூடத் தெரிகிறது. முன் ஃபோர்க் வேறு ஏதோ வண்டியுடையது. பின் ஷாக் இரண்டையும் முன்னால் தள்ளி, சாய்த்து, வெல்டிங் வைத்து மாட்டியிருக்கிறார்கள். கிக்கரை மிதித்தால் எஞ்சின் சுற்றுகிறது. ஃபிரேமை சாண்ட்பிளாஸ்ட் (மணலைப் பாய்ச்சிப் பெயிண்டை உரிப்பது) பண்ணி, அந்த வெல்டிங்கை வெட்டிவிட்டு, 1973 சிஆர்250எம் ரேஸ் வண்டி மாதிரியே வெள்ளி டேங்க், பச்சைக் கோடு என்று செய்துவிடலாமா?

பழைய இரும்பு
தம்பி, சாண்ட்பிளாஸ்டுக்கு மட்டும் இப்போது கொடுக்காதீர்கள். எல்சினோர் என்றதும் எல்லாருக்கும் சிஆர்250எம்தான் ஞாபகம் வரும், 1973-இல் கேரி ஜோன்ஸ் அமெரிக்க 250 சிசி மோட்டோகிராஸ் (மண் பாதைப் பந்தயம்) பட்டம் வாங்கிய வண்டி. ஆனால் 1974-இல் அதே எல்சினோர் பெயரில் எம்டி250 என்று லைட், ஹாரனோடு சாலை வண்டியும் வந்தது. எஞ்சின் அளவு இரண்டுக்கும் ஒன்றே, 70 x 64.4 மில்லிமீட்டர், அதனால் சிலிண்டரை அளந்து பார்த்துப் பயனில்லை. ஹேண்டில் கழுத்தில் அடித்திருக்கும் எண்ணைத் தேடுங்கள், எஞ்சின் கேஸிலும் ஒன்று இருக்கும். அந்தக் கால ஹோண்டாவில் இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்காது, அதைப் பார்த்து எஞ்சினை மாற்றிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம் (யமஹாக்காரர்கள் இப்படித்தான் நம்மைக் குழப்புவார்கள், அவர்களுக்கு இரண்டும் ஒரே எண்). முதல் எழுத்துகளைப் பார்த்தால் போதும். அப்புறம், சிஆர் டேங்க் அலுமினியம், எம்டி டேங்க் இரும்பு. வீட்டு ஃபிரிட்ஜ் காந்தத்தை எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள்.

டூஸ்ட்ரோக் புகை
அண்ணன் சொல்வது சரி, ஆனால் காந்தம் ஒட்டவில்லை என்றதும் அலுமினியம் என்று குதித்துவிடாதீர்கள். உள்ளே அடிபட்டிருந்தால் கால் அங்குலத்துக்குப் புட்டி (பள்ளம் நிரப்பும் பசை) அப்பியிருப்பார்கள், அதன் மேல் காந்தம் நழுவி விழும். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், செந்துருவாக இருந்தால் இரும்பு. எதுவென்று தெரியாமல் காஸ்டிக் சோடா மட்டும் ஊற்ற வேண்டாம், அலுமினியத்தைத் தின்றுவிடும். ஃபிரேமில் காந்த வித்தை செல்லாது, சிஆரின் குரோமோலி எஃகிலும் ஒட்டும், சாதா இரும்பிலும் ஒட்டும்.

எஞ்சின் கவர் ஸ்குரூ கழற்றும்போது சாதாரண பிலிப்ஸ் திருப்புளி வைக்காதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அது ஜப்பான்காரன் அளவு, ஜேஐஎஸ். பிலிப்ஸ் வைத்துத் திருகினால் தலை தேய்ந்து வட்டமாகிவிடும், நான் ஒரே மதியத்தில் நான்கைக் கெடுத்திருக்கிறேன்.

ஈசூன்காரன்
சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். கழுத்தில் பெயிண்டைத் தின்னர் துணியால் துடைத்ததும் எம்டி250 என்று வந்தது, எஞ்சினிலும் எம்டி250இ. காந்தம் டேங்கின் ஒரு பக்கம் ஒட்டியது, இன்னொரு பக்கம் வழுக்கியது, உள்ளே ஒரே துரு. பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் பிடி இருந்த இடத்தை அரத்தால் ராவி மழமழவென்று ஆக்கியிருக்கிறார்கள். ஆக, இது சிஆரே இல்லை. கொஞ்சம் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பழைய இரும்பு
எதற்கு? இதைச் சிஆர் வேஷம் போட்டால் போலி, எம்டியாகத் திருப்பினால் விளக்கு, ஹாரன், மீட்டர் என்று தேடியே வருடங்கள் போய்விடும். என்னைக் கேட்டால் அந்த ஷாக் வெல்டிங்கை வெட்டவே வேண்டாம். 1974-இல் ஜெர்மன் கம்பெனி மைக்கோ ஷாக்கை முன்னால் தள்ளியதும் பின் சக்கரம் அதிகம் ஏறி இறங்கியது, உடனே பட்டறை வைத்திருந்தவனெல்லாம் வெல்டிங் ராடைக் கையில் எடுத்துவிட்டான். 1975-இல் யமஹா ஒய்இசட் ஒற்றை ஷாக்கோடு வரும்வரை இந்தக் கூத்துதான். உங்கள் வண்டி அந்தக் காலத்துக் கதை. வெல்டில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் நல்ல வெல்டரிடம் காட்டுங்கள்.

டூஸ்ட்ரோக் புகை
கிக்கர் சுற்றுகிறதென்று உடனே ஸ்டார்ட் பண்ணிவிடாதீர்கள். இத்தனை வருடம் சும்மா நின்றால் கிராங்க் சீல் (எஞ்சின் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்) கல்லாகிவிடும். மேக்னட்டோ பக்கச் சீல் காற்றை இழுத்தால் கலவை மெலிந்து பிஸ்டன் கடித்துக்கொள்ளும், கிளட்ச் பக்கம் போனால் கியர் எண்ணெயைக் குடித்து வெள்ளைப் புகை விடும். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் அடைத்து 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றுங்கள், 6 நிமிடம் இறங்காமல் நின்றால் பரவாயில்லை. இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவி எங்கே குமிழி வருகிறதென்று பாருங்கள். டேங்க் இரும்புதானே, வினிகரில் ஊறவைத்து, பிறகு சோடா உப்புத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள்.

இன்னொன்று, பதிவு இல்லாத வண்டி, பட்டறை வாசலில் கூட ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். எங்கே கொண்டுபோனாலும் லாரியில் ஏற்றுங்கள். அடுத்த ஞாயிறு எனக்கு வேலை இல்லை, பம்பும் கேஜும் என்னிடம் இருக்கிறது, வரட்டுமா?

ஈசூன்காரன்
வாங்க அண்ணே. ஆரஞ்சு பெயிண்ட் அப்படியே இருக்கட்டும் என்று அத்தை சொல்லிவிட்டார், அது மாமா கையால் அடித்ததாம்.