ரைசன் லேப்டாப், டெபியன் 12: எந்த வைஃபை கார்டு?

கேள்வி: என் லேப்டாப்பில் இருப்பது ரைசன், அதாவது ஏஎம்டி பிராசசர். வைஃபை கார்டை மாற்றிவிட்டு டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) போட நினைக்கிறேன். கடையில் இன்டெல் ஏஎக்ஸ்211 இருக்கிறது. வாங்கலாமா?

பதில் 1: வேண்டாங்க. அது சிஎன்விஐஓ2 வகை, அதாவது இன்டெல் பிராசசரோடு மட்டும் இயங்கும் இணைப்பு முறை. பாதி வேலையை இன்டெல் பிராசசர் பக்கம்தான் செய்யும். ஏஎம்டி போர்டில் கச்சிதமாகச் செருகும், ஆனால் எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டும் சாதனப் பட்டியலில் தலைகாட்டாது. ஏஎக்ஸ்210 கேளுங்கள். அது ஏஎம்டி போர்டிலும் ஓடும் பொதுவான பிசிஐஇ இணைப்புக் கார்டு; லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) 5.10 முதலே ஆதரவு உண்டு, டெபியன் 12-இல் இருப்பது 6.1.

பதில் 2: முதலில் பழைய கார்டு போர்டோடு பற்றவைத்ததா, கழற்றக்கூடிய எம்.2 2230 (22×30 மி.மீ. அளவு) கார்டா என்று திறந்து பாருங்கள். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுக் கை வையுங்கள். ஆன்டெனா முனையை நேர் மேலிருந்து அழுத்துங்கள். சாய்த்தால் நசுங்கிவிடும், சிக்னல் படுத்துவிடும்.

கேள்வி: ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) தனியாக வேண்டுமா?

பதில் 1: கார்டை மாற்றிய பிறகு நிறுவினால் இன்ஸ்டாலரே போட்டுக்கொள்ளும். முன்பே நிறுவியிருந்தால் ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை பொதியைச் சேருங்கள்.