அமிலப் பெயர்களில் ‘இக்’ எங்கே, ‘அஸ்’ எங்கே? உதவுங்களேன்

வணக்கம். வேதியியல் இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். வாய்பாட்டைப் பார்த்து அமிலத்துக்குப் பெயர் சொல்வதில் மாட்டிக்கொண்டேன்.

ஆக்சிஜன் இல்லாதவை பரவாயில்லை. ஹெச்சிஎல் நீரில் கரைந்திருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம், வாயுவாக இருந்தால் ஹைட்ரஜன் குளோரைடு. சரி.

ஆக்சிஜன் வந்ததும்தான் தலை சுற்றுகிறது. நைட்ரேட் என்றால் நைட்ரிக், நைட்ரைட் என்றால் நைட்ரஸ் என்பது புரிகிறது. (நைட்ரைட்டையும் நைட்ரைடையும் குழப்பிக்கொள்வது தனிக்கதை.) ஆனால் ஹெச்என்ஓ3-இல் 3 ஆக்சிஜன், அது நைட்ரிக். ஹெச்2எஸ்ஓ3-இலும் அதே 3தான், அது மட்டும் ஏன் சல்பியூரஸ்? நேற்று சல்பியூரிக் என்று எழுதி, சிவப்பு மையில் பெரிய சுழி வாங்கினேன்.

ஆக்சிஜனேற்ற எண் (சேர்மத்தில் ஒரு அணுவுக்கு நாம் கணக்கிடும் மின்சுமை) போட்டுப் பார்த்தேன். நைட்ரிக்கில் நைட்ரஜன் +5, சல்பியூரிக்கில் (ஹெச்2எஸ்ஓ4) கந்தகம் +6. வெளிக்கூட்டு எலக்ட்ரான் எண்ணிக்கையும் அதேதான்! கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தால், வெளிக்கூட்டில் 7 எலக்ட்ரான் உள்ள குளோரினுக்குக் குளோரிக்கில் +7 வராமல் +5 வருகிறது. +7 பெர்குளோரிக்காம்.

இதற்கு ஏதாவது விதி உண்டா, இல்லை நைட்ரேட், சல்பேட் போன்ற ‘ஏட்’ அயனிகளை மனப்பாடம் செய்வதுதான் வழியா? நீங்கள் எப்படி நினைவில் வைத்தீர்கள்?